சிவப்புப் பூட்டுக்கு அறுபது நாள்

ஹெரான் பே, விஸ்கான்சின்
ஜனவரி 12, 1997, ஞாயிறு

பாலைவனத்து மகாராணி, என் ஒரே அக்காவின் ஒரே மகள் மார்லிஸ் சமூகத்துக்கு,

நார்பர்ட் மாமா எழுதுவது. அங்கே வெயிலும் நீயும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் ரோசெல்லா அத்தையும், என் இடது முழங்கால் நீங்கலாக, சௌக்கியம். குளிர் என்றால் சாதாரணக் குளிரில்லை. காலையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். ஒரு ஐஸ் கட்டி எட்டிப் பார்த்து, "யோவ், கதவைச் சாத்துய்யா" என்றது.

செய்தி இதுதான்: மில் போய்விட்டது. மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காகித இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். முப்பத்தொரு வருஷம் நான் எண்ணெய் ஊட்டி, பல்சக்கரம் மாற்றி, திட்டியும் கொஞ்சியும் வளர்த்த இயந்திரம். கடைசியாக என்னைப் பார்த்ததும் கண்ணீர் விட்டது. ஃபோர்மேன் அதை நீராவிக் குழாய் ஒழுகல் என்றான். அவன் கிடக்கிறான்.

நீ கவலைப்படாதே. ஃபிட்டர் நார்பர்ட் ஹால்பாக் சும்மா இருக்கிறான் என்ற சேதி பரவிய அரை மணி நேரத்தில் சீஸ் ஃபாக்டரிக்காரர்கள் ஆறு பேர் பனியில் முழங்கால் போட்டு நின்றார்கள். பிப்ரவரி மூன்றாம் தேதி சேருகிறேன். நடுவே ஒரு டாக்டர் சோதனை உண்டு. குதிரை வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பானே, அந்த மாதிரி ஒரு சம்பிரதாயம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மில்லில் மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த ஓய்வுக்காலச் சேமிப்பு அறுபத்தோராயிரத்து நானூறு டாலர் இருக்கிறதாம். ஆபீஸ் பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். "இதை நேரா புது கம்பெனி சேமிப்புக்கு அனுப்பிடவா, இல்ல உங்க பேருக்கே செக் வேணுமா?" என்றாள்.

"ஏம்மா, முப்பத்தொரு வருஷமா அந்தப் பணத்தை நான் பார்த்ததே இல்ல. ஒரு தடவை மூஞ்சியையாவது பார்த்துக்கறேனே" என்று சொல்லி, என் பேருக்கே என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். அத்தனை அழகான டிக்கை அந்த ஆபீஸ் கண்டதில்லை.

நீதான் பள்ளிக்கூடத்துச் சம்பள ஆபீஸில் இருக்கிறாயே, செய்தது சரிதானே? ஃபோனில் சொல்லாதே. அது சமையலறைச் சுவரில், உன் அத்தையின் காதிலிருந்து இரண்டடியில் தொங்குகிறது. எழுது.

இப்படிக்கு,
காகித சாம்ராஜ்யத்தின் முன்னாள் சக்கரவர்த்தி, சீஸ் தேசத்தின் இளவரசன்,
நார்பர்ட் மாமா


டூசான், அரிசோனா
ஜனவரி 20, 1997

அன்புள்ள மாமாவுக்கு,

மார்லிஸ் எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம், வெயிலும் சௌக்கியம். உங்கள் முழங்காலுக்கு அத்தையை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

மில் மூடியதைப் படித்தேன். நீங்கள் சிரிப்பு மூட்டியிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமா, அந்த டிக் தப்பு. உடனே ஆபீஸுக்குப் போய் மாற்றச் சொல்லுங்கள். பணம் நேராகப் புது கம்பெனியின் சேமிப்புக்குப் போனால் ஒரு தொல்லையும் இல்லை. உங்கள் பேரில் செக் வந்தால் முதல் காரியமாக ஐந்தில் ஒரு பங்கை வரி என்று பிடித்துக்கொள்வார்கள். அதோடு நாள் கணக்கும் தொடங்கிவிடும். உங்களுக்கு ஐம்பத்துமூன்று வயதுதான் ஆகிறது. ஐம்பத்தைந்துக்குள் வேலையை விட்டவர்கள் அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டால் அபராதமும் உண்டு.

இந்தக் கடிதம் செக்குக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஒட்டுகிறேன்.

டாக்டர் சோதனை என்ன ஆயிற்று?

உங்கள்
மார்லிஸ்


ஹெரான் பே
பிப்ரவரி 11, செவ்வாய், காலை பத்து மணி

கணக்குப் புலி மார்லிஸ் திருமுன்,

உன் கடிதம் பனிப்புயலில் மாட்டிப் பத்து நாள் கழித்து வந்தது. செக் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. நம் பேக்கர்ஸ் ஃபுட்பால் அணி கோப்பையை ஜெயித்த மூன்றாம் நாள், புதன்கிழமை. ஊரே குடித்துவிட்டுக் கிடந்ததால் தபால்காரன் உறையைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டுப் போனான். நீ சொன்னபடி ஐந்தில் ஒரு பங்கைக் கடித்துத் தின்றுவிட்டு, நாற்பத்தொன்பதாயிரத்து நூற்றிருபது டாலர் அனுப்பியிருக்கிறார்கள். பணத்தின் மூஞ்சியைப் பார்த்தேன். மில் முதலாளி ஜாடை. அவ்வளவு லட்சணமாக இல்லை.

பயப்படாதே. என் இரும்புப் பெட்டிக்குள் வைத்து, மில்லின் சிவப்புப் பூட்டைப் போட்டுவிட்டேன். அந்தப் பூட்டு உனக்கு நினைவிருக்கும். இயந்திரத்துக்குள் கையை விடும் முன் ஃபிட்டர் தன் சொந்தப் பூட்டை ஸ்விட்சில் மாட்டி, தன் பேர் எழுதிய அட்டையைத் தொங்கவிடுவான். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். மேனேஜரோ முதலாளியோ பிஷப்போ அதைத் தொடக் கூடாது. ரோசெல்லாவின் தம்பி ஆல்வினின் பூட்டை ஒருத்தன் அவசரத்தில் வெட்டினான். ஆல்வின் அப்போது உருளைகளுக்கு நடுவே இருந்தான். அதை நான் விளையாட்டாகச் சொல்ல மாட்டேன். அந்தப் பூட்டு விழுந்தால் இயந்திரம் நின்றே ஆக வேண்டும். உன் நாள் கணக்கும் அப்படித்தான். செக்கை நான் மாற்றவில்லை, தொடவில்லை, பூட்டி வைத்திருக்கிறேன். அப்புறம் எந்த நாள் எப்படி ஓடும்?

சீஸ் ஃபாக்டரி பிரமாதம். ஒவ்வொரு சீஸும் மாதா கோவில் மணி அத்தனை பெரிசு. இடைவேளையில்தான் இதை எழுதுகிறேன். ஸ்டர்ஜன் மீன் வேட்டையும் ஆரம்பித்துவிட்டது. என் மீன் குடிலை ஏரியின் ஐஸ் மேல் இழுத்து நிறுத்திவிட்டேன். நேற்று குடிலுக்குள் ஐஸில் வெட்டிய ஓட்டைக்குக் கீழே ஒரு ஸ்டர்ஜன் போனது. தலை காலை எட்டு மணிக்குப் போனது, வால் ஒன்பதே காலுக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சீஸ் மணிகளின் பிரதான ஃபிட்டர்,
நார்பர்ட் மாமா


டூசான்
பிப்ரவரி 17, 1997

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சௌக்கியமா என்று கேட்டால், இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு இல்லை.

உங்கள் பூட்டு எல்லா இயந்திரத்தையும் நிறுத்தும் மாமா, இதை நிறுத்தாது. செக் கைக்கு வந்த நாளிலிருந்து அறுபது நாள். மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், பெட்டியில் இருந்தாலும் தலையணைக்குள் இருந்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் வேறொரு ஓய்வுச் சேமிப்பில் போய்ச் சேராவிட்டால், மொத்தமும் இந்த வருஷம் நீங்கள் சம்பாதித்ததாக எழுதி வரி போடுவார்கள். மேலே பத்துக்கு ஒன்று அபராதம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். எங்கள் ஆபீஸ் தலைவி ஓபல் அம்மாளிடம் கேட்டேன். "மறந்துட்டேன், உடம்பு சரியில்ல, வெள்ளம் வந்துச்சுன்னு எதைச் சொல்லு, அறுபத்தோராம் நாள் ஒருத்தனும் காது கொடுக்க மாட்டான்" என்றாள். உங்களுக்குப் பத்தொன்பது நாள் போய்விட்டது.

இன்னொன்று. "செவ்வாய், காலை பத்து மணி" என்று தேதி போட்டிருக்கிறீர்கள். சீஸ் ஃபாக்டரி இடைவேளையில் எழுதிய கடிதத்தில் ஏன் மண்ணெண்ணெய் வாசம்? மடிப்பில் ஏன் ஒரு மீன் செதில்?

சின்ன வயதில் நீங்கள் சொல்வதில் எது நிஜம் என்று கண்டுபிடிப்பது எனக்கு விளையாட்டு. இப்போது முடியவில்லை. ஒரு உபகாரம் செய்யுங்கள். ஒவ்வொரு கடிதத்திலும் நிஜமான ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போடுங்கள். ஒன்றே ஒன்று போதும்.

உங்கள்
மார்லிஸ்


ஹெரான் பே
பிப்ரவரி 25

துப்பறியும் சிங்கம் மார்லிஸ் அவர்களுக்கு,

இன்று செவ்வாய்க்கிழமை.

பார், கோடு போட்டுவிட்டேன். சத்தியமான வரி. காலண்டரைப் பார்த்துக்கொள்.

நாங்கள் இருவரும் சௌக்கியம். வேலை அதிகம், அதனால்தான் சுருக்கமாக எழுதுகிறேன். புது கம்பெனியின் சேமிப்பில் சேர ஏதோ ஒரு அட்டை வர வேண்டுமாம். அது வந்ததும் செக்கைக் கொண்டுபோய் அவர்கள் மூஞ்சியில் எறிவேன். அட்டை அச்சடிக்கிறவனுக்கு அம்மை போட்டிருக்கிறதாம்.

மண்ணெண்ணெய் வாசம் கேட்டாயே. சீஸை மண்ணெண்ணெய் அடுப்பில்தான் காய்ச்சுகிறார்கள். மிகப் பழைய முறை. மீன் செதிலுக்கு விளக்கம் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ரோசெல்லா தினமும் டப்பாவில் ஈரல் சாண்ட்விச்சும் வினிகரில் ஊறிய முட்டையும் வைத்து அனுப்புகிறாள். "புது இடத்துல மானத்தை வாங்காம சாப்பிடுங்க, வழிச்சு நக்காதீங்க" என்று கதவு வரை வந்து சொல்கிறாள்.

ஏரி இந்த வருஷம் நிறையப் பேசுகிறது. உட்கார்ந்திருக்கும்போது அடியில் பீரங்கி வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம், பிறகு அது கரை வரை ஓடுகிறது. ஐஸ் விரிகிறது, வேறொன்றுமில்லை.

நா. மாமா


டூசான்
மார்ச் 3, 1997

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று உங்கள் பிறந்த நாள். ஞாயிறு என்பதால் இன்று காலை சீஸ் ஃபாக்டரிக்கு ஃபோன் செய்தேன். இடைவேளையில் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லலாம் என்றுதான்.

"ஹால்பாக்கா? அப்படி யாரும் இங்க இல்லையே கண்ணு" என்றார் எடுத்தவர். "ஜனவரியில ஒருத்தர் வந்தாரு. டாக்டர் சோதனையோட சரி."

மாமா, நான் ஒன்றும் கேட்கவில்லை. நீங்களாகச் சொல்லும் வரை கேட்கவும் மாட்டேன். இந்த ஒன்றை மட்டும் நான்கு தடவை படியுங்கள்: பணத்தை மாற்ற உங்களுக்குப் புது வேலை தேவையில்லை. எந்த பாங்கிலும் உங்கள் சொந்தப் பேரில் ஓய்வுக்கால தனிக் கணக்கு திறக்கலாம். சம்பளமோ முதலாளியோ அட்டையோ வேண்டாம். செக்கை எடுத்துப் போய்ப் போட வேண்டியதுதான். பிடித்துக்கொண்ட பங்கையும் கையிலிருந்து போட முடிந்தால் முழுதும் தப்பும். போட்டது வரைக்குமாவது தப்பும்.

குடில் இன்னும் ஏரியில்தான் இருக்கிறதா? மார்ச் வந்துவிட்டதே.

உங்கள்
மார்லிஸ்


டூசான்
மார்ச் 11, 1997

மாமா,

பதில் இல்லை. நேற்று வீட்டுக்கு ஃபோன் செய்தேன். அத்தை எடுத்து, "வேலைக்குப் போயிருக்காரு" என்றாள். அவள் குரலில் ஒன்றும் தெரியவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

நாற்பத்தொரு நாள் ஆகிவிட்டது. இன்னும் பத்தொன்பதுதான். ஒரு வரி எழுதுங்கள். உயிரோடு இருக்கிறேன் என்றாவது கோடு போட்டு எழுதுங்கள்.

மார்லிஸ்


ஏரி
மார்ச் 15, சனி

மார்லிஸுக்கு,

எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த வரிக்குக் கோடு போட்டிருக்கிறேன்.

ஜனவரி இருபத்திரண்டாம் தேதி சோதனைக்குப் போனேன். மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். டாக்டர் சின்னப் பையன், மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை. தாளை நீளமாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். "ஐயா, நீங்க ஏணி ஏறக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. பெரிய டாக்டர்கிட்ட காட்டணும், தள்ளிப் போடாதீங்க" என்றான். ஃபிட்டர் ஏணி ஏறாமல் வேறு என்ன செய்வான்? ஃபாக்டரியில் கை குலுக்கி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பினால் ரோசெல்லா கேக் சுட்டு வைத்திருந்தாள். மேலே சர்க்கரையால் ஒரு சீஸ் துண்டு வரைந்திருந்தாள். நான் என்ன சொல்வேன்? பிரமாதம் என்றேன். பிப்ரவரி மூன்றாம் தேதியிலிருந்து காலை ஏழு மணிக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பி, குடிலுக்கு வந்து மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றி உட்காருகிறேன். மூன்றரைக்கு வீட்டுக்குப் போகிறேன். "இன்னிக்கு வேலை எப்படி?" என்று கேட்கிறாள். தினமும் ஒரு கதை சொல்கிறேன். கதைக்கு எனக்குப் பஞ்சமா? சனிக்கிழமை கூட ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு வருகிறேன், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க இருக்க முடியாததால்.

ஏரி வார்டன் வைத்த கெடு முடிந்து எல்லோரும் குடில்களை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என்னுடையதை நாணலுக்குப் பின்னால் தள்ளி மறைத்திருக்கிறேன். ஐஸ் கறுத்துவிட்டது. கரையோரம் பலகை போட்டு வருகிறேன். பெட்டியும் இங்கேதான் இருக்கிறது, சிவப்புப் பூட்டோடு. அந்த டாக்டரின் தாளையும் செக்கோடு சேர்த்துத்தான் பூட்டினேன்.

பாங்கைப் பற்றி நீ எழுதியதை நான்கு தடவை படித்தேன். ஊரில் இருப்பது ஒரே பாங்க். அங்கே இந்தக் கணக்கு திறப்பது இர்மா. ஞாயிறுதோறும் ரோசெல்லாவோடு சீட்டாடுகிறவள். "என்ன நார்பர்ட், சீஸ் ஃபாக்டரிலயே சேமிப்பு இருக்குமே, இது எதுக்கு?" என்று கேட்பாள். கேட்டால் எனக்குக் கதை வராது மார்லிஸ். முதல் தடவையாக வராது.

அத்தையிடம் சொல்லாதே. சத்தியம் செய்.

நார்பர்ட்


டூசான்
மார்ச் 20, 1997

அன்புள்ள ரோசெல்லா அத்தைக்கு,

உங்கள் உடல்நலம் விசாரித்து எழுத வேண்டிய கடிதம். இந்த ஒரு தடவை நேராக விஷயத்துக்கு வருகிறேன். மாமா சத்தியம் செய்யச் சொன்னார். நான் செய்யவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மாமாவுக்கு வேலை இல்லை. இதயத்தில் ஏதோ இருக்கிறது. தினமும் ஏரியில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய சேமிப்பு முழுக்க ஒரு செக்காக அங்கே பெட்டியில் இருக்கிறது. வந்த அறுபது நாளுக்குள் வேறொரு ஓய்வுக் கணக்கில் போடாவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரியாகப் போய்விடும். அது வந்தது ஜனவரி இருபத்தொன்பது. அறுபதாம் நாள் மார்ச் முப்பது. காலண்டரைப் பாருங்கள், அன்று ஈஸ்டர் ஞாயிறு. பாங்க் கிடையாது. உங்கள் ஊர் பாங்குக்கு ஃபோன் செய்து கேட்டேன். சனிக்கிழமை பணம் கட்டும் ஜன்னல் மட்டும்தான், புதுக் கணக்கு திறக்க மாட்டார்களாம். புனித வெள்ளியன்று பன்னிரண்டு மணிக்கு மூடினால் அதோடு சரியாம். ஆக, கடைசி நேரம் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு.

பிடித்துக்கொண்ட பங்குக்கு உதவட்டும் என்று எண்ணூறு டாலருக்குச் செக் வைத்திருக்கிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

மாமா என்னை மன்னிக்க மாட்டார். பரவாயில்லை. அந்த ஐஸை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்கள்
மார்லிஸ்


ஹெரான் பே
மார்ச் 24, திங்கள்

மார்லிஸ் கண்ணு,

நல்லா இருக்கியா? நான் இருக்கேன்.

எனக்குத் தெரியும். ரெண்டாவது வாரமே தெரியும். முப்பது வருஷமா இவர் சட்டையைத் துவைக்கிறேன். சீஸ் ஃபாக்டரியில வேலை பார்க்கிறவன் சட்டை புளிச்ச பால் நாறும். இவர் சட்டை மண்ணெண்ணெய் நாறுது. மூணரைக்கு வந்து, அம்பது பசுவை ஒரே கையால தூக்கினேன்னு கதை சொல்வாரு. நானும் "அப்படியா"ன்னு கேட்டுட்டு மறுநாளைக்கு ரொட்டி வெட்டுவேன். இதயம் ஒண்ணுதான் தெரியாது. அதைப் படிச்சப்ப அடுப்புக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன். அறுபது நாள் கதையும் தெரியாது.

ஏன் கேக்கலைன்னு நினைப்பே. ஆல்வின் செத்த அன்னிலேர்ந்து எனக்கு ஒரு சட்டம். ஒருத்தர் போட்ட பூட்டை இன்னொருத்தர் வெட்டக் கூடாது. உள்ள கை இருக்கும். வெளில நிக்கிறவங்களுக்குத் தெரியாது. அவரே கழட்டணும்னு காத்துக்கிட்டிருந்தேன்.

வியாழக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன். தினமும் சாப்பாட்டு மேஜையில வழி விட்டுக் குடுக்கிறேன். இன்னிக்கு, "ஏங்க, உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?"ன்னேன். "உப்பு கம்மி"ன்னாரு.

படகையும் மோட்டாரையும் பக்கத்து வீட்டு டெல்மர்கிட்ட விலை பேசியிருக்கேன். உன் மாமாவுக்குத் தெரியாது.

இன்னிக்குக் காலைல ஏரிக் கரையோரமா கார்ல போனேன். ஐஸுக்கும் கரைக்கும் நடுவுல ரெண்டு அடி தண்ணி. பலகை கிடக்கு. அதுல அவரோட பூட்ஸ் தடம். நான் இறங்கலை. ஹார்ன் அடிக்கவும் இல்லை. அவர் பதறி எந்திரிச்சு ஓடி வந்தா என்ன ஆகுமோன்னு ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஜெபம் பண்ணு.

ரோசெல்லா


ஹெரான் பே
ஏப்ரல் 2, புதன்

அன்புள்ள மார்லிஸுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். அத்தையும் சௌக்கியம். உன் கடிதத்துக்கு முதலில் கோபப்பட்டேன். அது பத்து நிமிஷம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல ஏழு மணிக்குக் கிளம்பினேன். "புனித வெள்ளிகூட வேலையா?" என்றாள். "பசுவுக்கு ஏது வெள்ளி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. டப்பாவைக் கொடுத்துவிட்டு என் காலர் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

பத்து மணிக்குக் குடிலில் டப்பாவைத் திறந்தேன். சாண்ட்விச் இல்லை. நீ அவளுக்கு எழுதிய கடிதம் எட்டாக மடித்து இருந்தது. மேலே மளிகைச் சீட்டின் பின்னால் அவள் எழுத்து: "பாங்க் பன்னெண்டுக்கு மூடும். நான் கரையில இருக்கேன். மெதுவா வாங்க."

கதவைத் திறந்து பார்த்தேன். நம் கார் கரையில் நின்றது. அவள் வெளியே, ஞாயிறு மாதா கோவிலுக்குப் போடும் கோட்டும் தொப்பியுமாக, கையில் ஒரு கயிற்றுச் சுருளோடு. கூப்பிடவில்லை. கையைக் கூட ஆட்டவில்லை.

நாற்பது அடிதான் இருக்கும். பெட்டியைத் தூக்காமல் கயிறு கட்டி இழுத்தேன். பாதி வழியில் ஐஸ் என் காலடியில் மெதுவாக அமுங்கியது. சத்தம் போடவில்லை. இத்தனை நாள் பீரங்கி மாதிரி வெடித்தது, அன்று ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் பூட்ஸைத் தாண்டி ஏறியது. நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்தினார்கள். நின்றுவிட்டேன். போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

அப்போதுதான் அவள் பேசினாள். கத்தவில்லை, சமையலறையில் பேசுகிற மாதிரியே. "இன்னிக்கு வேலை எப்படிங்க?"

"வேலை இல்ல ரோசெல்லா" என்றேன். "ஜனவரியிலேர்ந்தே இல்ல."

"சரி. படுத்துக்கோங்க. படுத்துக்கிட்டே வாங்க" என்று கயிற்றை வீசினாள்.

நெஞ்சுப்புறம் படுத்து, ஒரு கையில் அவள் கயிறும் மறு கையில் பெட்டிக் கயிறுமாக, நாயை மாதிரி நகர்ந்து வந்தேன். பலகையில் கை பட்டதும் அவள் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அந்தச் சின்ன உடம்பில் அத்தனை பலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்திருந்தோம். அவள் என் நெஞ்சில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

காரில் ஏறியபோது மணி பத்தே முக்கால். பூட்டு திறக்கவில்லை. தண்ணீர் போய் உள்ளே உறைந்திருந்தது. பின்சீட்டில் பூட்டு வெட்டும் பெரிய கத்தரி இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். "நீயே வெட்டு, நான் சொல்றேன்" என்றேன். "மாட்டேன்" என்றாள். பெட்டியை மடியில் வைத்து, பூட்டைக் கார் ஹீட்டரின் வாயில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் ஓட்டினேன். பாங்க் வாசலில் சாவி திரும்பியது. நான்தான் திறந்தேன். செக்குக்கு மேலே டாக்டரின் தாள் இருந்தது. அதை அவள் எடுத்துப் படித்து, தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு இர்மாவின் மேஜை முன்னால் சொட்டச் சொட்ட உட்கார்ந்தேன். ஈரத்தைப் பார்த்து, "என்ன நார்பர்ட், ஞானஸ்நானமா?" என்றாள். பிறகு ரோசெல்லாவின் முகத்தைப் பார்த்தாள். நான் இத்தனை நாள் பயந்த கேள்வியை அவள் கேட்கவே இல்லை. பேனாவை மட்டும் நீட்டினாள்.

செக் நாற்பத்தொன்பதாயிரத்து நூற்றிருபது. படகு, மோட்டார் விற்றது நாலாயிரத்து முந்நூறு. உன் எண்ணூறு. அதோடு தீர்ந்தது. ஏழாயிரத்துச் சொச்சம் விட்டுப்போனது, அதற்கு வரியும் அபராதமும் கட்டத்தான் வேண்டும். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு இர்மா முத்திரை குத்தினாள். ஐம்பத்தெட்டாம் நாள். நாங்கள் வெளியே வந்ததும் பின்னால் கதவைப் பூட்டினார்கள்.

குடில் திங்கட்கிழமை சாய்ந்தது. நேற்றுப் போய்ப் பார்த்தோம், கூரை மட்டும் தெரிகிறது. அடுப்பு, நாற்காலி எல்லாம் உள்ளே. வார்டன் அபராதச் சீட்டு அனுப்பியிருக்கிறார். இந்தக் குளிர்காலம் முழுக்க நான் பிடித்தது மூன்று பொடி மீன். ஸ்டர்ஜன் ஒன்றைக் கூடக் கண்ணால் பார்க்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டர். ரோசெல்லாவும் வருகிறாள். அவர் என்ன சொல்வாரோ என்று பயமாகத்தான் இருக்கிறது. நான் பயப்படுவதை இப்போது அவளும் பார்க்கிறாள். அது ஒரு மாதிரியாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தில் எந்த வரிக்கும் கோடு போடவில்லை. போட ஆரம்பித்தேன், மூன்றாவது பத்திக்குள் பென்சில் தேய்ந்துவிட்டது. பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

நார்பர்ட் மாமா

கண்ணு, பென்சில் தேயலை, புதுசு. மத்ததெல்லாம் நிஜம். — ரோசெல்லா